எண்ணுகிறவர் யார்: விளம்பர அளவீட்டின் ஒரு சிறு வரலாறு

பட்டினப்பாலையிலும் மதுரைக்காஞ்சியிலும் கடைத்தெருக் கொடிகளைப் பற்றிய வருணனைகள் உண்டு. கள் விற்கும் இடத்தை அறிவிக்க அங்கே ஒரு கொடி பறக்கிறது. விளம்பரம் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் அவ்வருணனைகளையும் சேர்க்கலாம். ஆனால் அந்தக் கொடியைக் கண்டு எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. கடைக்காரருக்கும் அந்தக் கணக்கு தேவைப்பட்டிராது. கொடியும் அவருடையது, கடையும் அவருடையது. கொடி கட்டிய இடத்துக்காக வேறொருவருக்கு அவர் பணம் கொடுக்கவில்லை.

பிற அளவைகளில் நம் முன்னோர் கறாராகவே இருந்தனர். நெல்லளக்க இராசகேசரி, ஆடவல்லான் எனப் பெயர் தாங்கிய மரக்கால்கள் இருந்ததைத் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நிலமளந்த கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலும் அடித்தளத்திலும் கோடாக வெட்டி வைத்தார்கள். கோயிலுக்குள் எல்லோரும் நுழைய முடிந்த காலமன்று அது என்பதை மறக்கலாகாது. ஆயினும் கல்லில் வெட்டிய அளவுக்கு ஒரு சிறப்பு உண்டு. வரி வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே கோட்டில் கோலை வைத்துச் சரிபார்க்கலாம். அளவுகோல் இருவருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது.

இன்று சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் பேருந்துக்காக நிற்கும் ஒருவர், கைபேசித் திரையில் தோன்றிய விளம்பரத்தை ஒருமுறை தொடுகிறார். அந்தத் தொடுகையை நான்கைந்து நிறுவனங்கள் நொடிப்பொழுதில் எண்ணிவிடுகின்றன. எந்த விளம்பரத்தால் அவர் வந்தார், செயலியை நிறுவினாரா, மறுநாள் திறந்தாரா, பணம் செலுத்தினாரா என்ற அனைத்தும் கணக்கில் ஏறுகின்றன. கொடியிலிருந்து இந்த இடத்துக்கு விளம்பரம் எப்படி வந்து சேர்ந்தது? வழிநெடுக அளவுகோல் யார் கையில் இருந்தது? இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

விளம்பர இடத்தை ஒருவர் விற்க, மற்றொருவர் வாங்கத் தொடங்கியபோதே அளவீட்டின் தேவை பிறந்துவிட்டது. இந்தியாவில் இதற்கு முதலில் துணை நின்றது அஞ்சல் துறை. 1877இல் வி.பி.பி. முறை வந்தது. பொருளை அஞ்சலில் பெற்றுக்கொள்ளும்போது பணம் கட்டினால் போதும் என்ற இந்த ஏற்பாடு, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து கைக்கடிகாரமோ தைலமோ வரவழைக்கும் வழக்கத்தைப் பரப்பியது. ஒரே விளம்பரத்தை இரண்டு இதழ்களில் கொடுக்கும் வணிகர், முகவரியில் ஒரு சிறு வேறுபாட்டைச் செய்துவிடுவார். ஓர் இதழில் துறை எண் ஒன்று, மற்றதில் துறை எண் இரண்டு. அப்படியொரு துறை அவரது அலுவலகத்தில் இருக்காது. வரும் கடிதங்களின் உறையைப் பார்த்தே எந்த இதழின் விளம்பரம் வேலை செய்தது என்று அவர் அறிந்துகொள்வார்.

அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் இந்த உத்தியைக் கூப்பன்களைக் கொண்டு விரிவாகச் செய்து, விளம்பரத்தை அறிவியல் என்றே அழைத்து 1923இல் நூல் எழுதினார். தமிழில் இந்த உலகை உள்ளிருந்து அறிந்தவர் எஸ்.எஸ். வாசன். 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பே விளம்பரத் தொழிலிலும் அஞ்சல்வழி வணிகத்திலும் ஈடுபட்டவர் அவர்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணப்படுகிறவர் தானாகவே முன்வந்து கடிதம் எழுதியவர். தன் பெயரையும் ஊரையும் தன் கையால் எழுதிக் கொடுத்தவர். எழுதாதவரைப் பற்றி வணிகருக்கு எதுவும் தெரியாது. ரேடியோ சிலோனின் நேயர் கடிதங்களும் இவ்வகையே. 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலாவுக்கு வாரந்தோறும் குவிந்த கடிதங்கள்தாம் பற்பசை நிறுவனத்துக்கு அந்நிகழ்ச்சியின் வீச்சைக் காட்டின. அளவீடு கரடுமுரடானது, ஆயினும் அது இருவரும் அறிந்து நடந்தது.

*

அடுத்த கட்டத்தில் மூன்றாமவர் வருகிறார். எங்கள் இதழ் இத்தனை ஆயிரம் விற்கிறது என்று பத்திரிகை முதலாளி சொல்வதை விளம்பரதாரர் எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்கு விடையாகவே 1948இல் இந்தியாவில் ஏ.பி.சி. எனப்படும் விற்பனைத் தணிக்கைக் கழகம் தோன்றியது. பத்திரிகை வெளியீட்டாளர், விளம்பரதாரர், விளம்பர முகவர் ஆகிய முத்தரப்பும் உறுப்பினர். தணிக்கையாளர் கணக்குப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழ் தருவர்.

விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்ப இயலாத இடத்தில் நடுவில் ஓர் ஆள் நிற்பது சேலம் வட்டாரத்துக்குப் பழக்கமானதுதான். மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கிய ஊர் இது. திரைப்படப் பெட்டியோடு திரையரங்குக்கு வரும் படப் பிரதிநிதி, டிக்கெட் கணக்கைச் சரிபார்த்துத் தினசரி வசூல் அறிக்கையில் ஒப்பமிடும் வழக்கத்தை இவ்வூர்ப் பெரியவர்கள் நன்கறிவர். ஜவ்வரிசி ஆலைகள் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கிக்கொண்டதன் பின்னணியிலும் இதே மனப்பாங்கைக் காணலாம். தரத்தையும் விலையையும் இடைத்தரகர் சொல்லுக்கு விட்டுவிடாமல் பொதுவான ஓர் இடத்தில் தீர்மானிக்க வேண்டும் என்பதே அது.

மூன்றாமவர் வந்ததால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. விற்ற பிரதிகளை எண்ணலாம். வாசித்தவரை எப்படி எண்ணுவது? தொலைக்காட்சியைப் பார்த்தவரை எப்படி எண்ணுவது? சிலரைக் கேட்டுப் பலரை ஊகிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு அங்கே நுழைகிறது. இந்திய வாசகர் கணக்கெடுப்பின் 2013ஆம் ஆண்டு முடிவுகள் 2014 ஜனவரியில் வெளியானபோது பெரும் நாளிதழ்கள் கூட்டாக அதை நிராகரித்தன. அவை எடுத்துக்காட்டிய முரண்களுள் ஒன்று, சென்னையிலிருந்து வெளிவரும் இந்து பிசினஸ் லைன் நாளிதழுக்குச் சென்னையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு வாசகர்கள் மணிப்பூரில் இருப்பதாக அக்கணக்கு காட்டியது என்பது.

தொலைக்காட்சியில் நிலைமை இன்னும் மோசம். மாதிரி வீடுகள் எவை என்று தெரிந்துவிட்டால் அந்த வீடுகளை மட்டும் கவனித்தால் போதும். 2001இல் மும்பையில் மீட்டர் பொருத்திய வீடுகளின் பட்டியல் வெளியே கசிந்தது. 2015இல் பார்க் என்ற புதிய அமைப்பு அளவீட்டை ஏற்றது. 2020 அக்டோபரில் மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டியதாக மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்தபின், செய்தித் தொலைக்காட்சிகளுக்கான மதிப்பீட்டை அது நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் தொடங்கியது. சிலரைக் கொண்டு பலரை அளக்கும்போது அந்தச் சிலரை விலைக்கு வாங்கலாம் என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

*

இந்தப் பின்னணியில்தான் கைபேசி தந்த வாக்குறுதியின் கவர்ச்சியை உணர முடியும். மாதிரியே வேண்டாம், ஒவ்வொருவரையும் எண்ணலாம் என்றது அது.

எளிய எடுத்துக்காட்டாகச் சேலத்து வெள்ளிக் கொலுசு வணிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ஒரு செயலியை உருவாக்கி, அதற்கு நான்கு இடங்களில் விளம்பரம் தருகிறார். அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவர் காலையில் ஒரு விளையாட்டுச் செயலியில் அந்த விளம்பரத்தைத் தொட்டார், நிறுவவில்லை. மாலையில் ஒரு காணொளிக்கு நடுவே மீண்டும் கண்டு, தொட்டு, நிறுவினார். தொட்ட கணத்தில் அத்தொடுகைக்கு ஓர் எண் இடப்படுகிறது. நிறுவிய செயலியை முதன்முறை திறக்கும்போது, அதனுள் முன்பே பொதிந்துள்ள சிறு நிரல் அந்த எண்ணையோ கைபேசிக்குரிய விளம்பர அடையாள எண்ணையோ அளவீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அந்நிறுவனம் இரு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டு, இவர் மாலை விளம்பரத்தால் வந்தவர் என்று தீர்ப்பளிக்கிறது. இத்தீர்ப்புக்குத் தொழிலில் அட்ரிபியூஷன் என்று பெயர். 2011, 2012 ஆண்டுகளில் தோன்றிய ஆப்ஸ்ஃபிளையர், கொச்சாவா, அட்ஜஸ்ட் முதலிய நிறுவனங்கள் செய்துவருவது இந்தப் பணியைத்தான். அஞ்சல் உறையின் துறை எண்தான் மறுபிறவி எடுத்திருக்கிறது. ஆனால் உறையை எழுதியவருக்கு இம்முறை தான் எழுதுவதே தெரியாது.

இத்துறையில் இந்தியாவின் பங்கு சிறிதன்று. 2007இல் எம்கோஜ் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்மொபி, கைபேசி விளம்பரத்தில் உலக அளவில் பெயர் பெற்றது. 2015 வாக்கில் இந்திய நிறுவனங்களிடையே தரவிறக்க எண்ணிக்கை ஒரு வெறியாகவே பரவியது. மிந்த்ரா அவ்வாண்டு மே மாதம் தன் இணையதளத்தை மூடிவிட்டுச் செயலியாக மட்டுமே இயங்கியது. 2016இல் இணையதளத்துக்கே திரும்பியது. எம்சென்ட் போன்ற செயலிகள், சொன்ன செயலியை நிறுவினால் கைபேசிக்கு ரீசார்ஜ் தந்தன. பத்து ரூபாய் ரீசார்ஜுக்காக நிறுவுவது, பெற்றவுடன் நீக்குவது, அடுத்ததை நிறுவுவது என்று இளைஞர்கள் பழகிக்கொண்டார்கள். நிறுவலை எண்ணினார்கள், நிறுவல் விளைந்தது, வாடிக்கையாளர் விளையவில்லை.

*

அளவீடு துல்லியமாக இருந்தும் தீர்ப்பு பிழையாகலாம். கடைசியாகத் தொட்டவருக்கே முழுப் பெருமை என்ற விதி இத்தொழிலில் நெடுங்காலம் கோலோச்சியது. அப்படியானால் ஒருவர் எப்படியும் நிறுவப்போகிறார் என்று தெரிந்தால், நிறுவுவதற்கு ஒரு நொடி முன்பு பொய்யாக ஒரு தொடுகையைப் பதிவு செய்துவிட்டால் போதுமே? நடந்ததும் அதுதான். ஆண்ட்ராய்டு கைபேசியில் புதிய செயலி வந்து சேரும் செய்தியை மற்றச் செயலிகளும் அறியக்கூடிய வழி இருந்தது. அதை ஒட்டுக்கேட்ட தீய செயலிகள் அந்த இடைவெளியில் பொய்த் தொடுகையை நுழைத்தன. 2017 நவம்பரில் கூகிள், தொட்ட நேரத்தையும் நிறுவத் தொடங்கிய நேரத்தையும் சேர்த்துத் தரும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இதைத் தடுக்கவே.

இதன் பரிமாணத்தை ஊபர் நிறுவனத்தின் கதை காட்டுகிறது. 2017இல் தன் விளம்பர முகவரான ஃபெட்ச் நிறுவனத்தின் மீது அது வழக்குத் தொடுத்தது. விளம்பரத்தை நிறுத்திய பின்னும் மொத்த நிறுவல்கள் குறையவில்லை, விளம்பரத்தால் வந்ததாகக் காட்டப்பட்டவை மட்டும் குறைந்து தாமாக வந்தவை அதே அளவு கூடின என்பது ஊபரின் வாதம். ஃபெட்ச் அதை மறுத்தது. ஊபரில் விளம்பரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கெவின் ஃபிரிஷ் பின்னாளில் ஒரு நேர்காணலில், 15 கோடி டாலர் செலவில் ஏறத்தாழ 10 கோடியை நிறுத்தியும் பயணிகளின் நிறுவல் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்றார்.

மோசடியே இல்லாத இடத்திலும் இது நேரலாம். 2012இல் ஈபே நிறுவனத்தில் பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தனர். ஈபே என்று தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்தினார்கள். விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் இலவசத் தேடல் முடிவின் வழியே வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த விருந்தினரை வாசலில் நின்று வரவேற்றவர், நான்தான் அழைத்து வந்தேன் என்று கூலி கேட்டதைப் போன்றது இது. யார் கடைசியாகத் தொட்டார் என்பது ஒரு கேள்வி. அவர் தொடாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது வேறொரு கேள்வி. மென்பொருள் முதலாவதற்குப் பதிலளிக்கிறது. பணம் கொடுத்தவர் அறிய விரும்புவதோ இரண்டாவதை.

*

எண்ணப்பட்டவரின் பக்கம் திரும்புவோம். தொடக்கத்தில் ஐபோன்களில் மாற்ற இயலாத கருவி எண்ணே அளவீட்டுக்குப் பயன்பட்டது. எதிர்ப்பு எழவே, 2012இல் ஆப்பிள் விளம்பரத்துக்கெனத் தனி அடையாள எண்ணைக் கொண்டுவந்தது; கூகிளும் அதையொட்டிய ஏற்பாட்டைச் செய்தது. ஆயினும் எண்ணுகிறவர்களின் பசி அடங்கவில்லை. 2016 ஜூனில் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி., இன்மொபி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. இருப்பிடத்தை அறிய அனுமதி மறுத்தவர்களின் இருப்பிடத்தையும் அருகிலுள்ள வைஃபை இணைப்புகளைக் கொண்டு அது கணித்தது, அவர்களுள் குழந்தைகளும் அடங்குவர் என்பது குற்றச்சாட்டு. 40 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, நிதிநிலை கருதி 9.5 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனரிடம் கேட்டு அவர் இசைந்தால் மட்டுமே பிற செயலிகளிலும் அவரைப் பின்தொடரலாம் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. கேட்டதும் பெரும்பாலோர் மறுத்தனர். அந்த ஒரு கேள்வியால் 2022இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கணித்தது. அனுமதி கேட்காததன் சந்தை மதிப்பு அதுவென்று கொள்ளலாம்.

இது பயனருக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் முழு வெற்றியன்று. ஆப்பிள் தந்த மாற்று ஏற்பாட்டில் நிறுவலை எண்ணுவது ஆப்பிளே. எண்ணிக்கையைக் காலந்தாழ்த்தி, ஆள் அடையாளமின்றி விளம்பரதாரருக்குச் சொல்கிறது. நிறுவியவர் சிலராக இருந்தால் அவர்களைக் கண்டுகொள்ளக்கூடும் என்பதால் தகவலைக் குறைத்துத் தருகிறது. நியாயமான காரணந்தான். ஆனால் அதன் விளைவாகப் பெருநகரங்களில் இலட்சக்கணக்கில் செலவிடுபவருக்குத் தெளிவான கணக்கும், அயோத்தியாப்பட்டணத்தில் சில ஆயிரம் செலவிடுபவருக்கு மங்கலான கணக்கும் கிடைக்கின்றன. அதே ஆப்பிள் 2016 முதல் தன் செயலிக் கடையில் விளம்பரமும் விற்கிறது. கடையும் தெருவும் தராசும் ஒருவர் கையில். கூகிள் ஆண்ட்ராய்டுக்கென 2022இல் அறிவித்த தனியுரிமைத் திட்டத்தை 2025 அக்டோபரில் கைவிட்டது. இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு கைபேசியையே வைத்திருப்பதால் நமக்கு இதுவே முதன்மையான செய்தி. விளம்பர அடையாள எண்ணைக் கைபேசி அமைப்புகளுக்குள் சென்று அழிக்கும் வசதி இருக்கிறது, அறிந்தவர் சிலரே.

2023இல் நிறைவேறிய இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு அதன்பின்னும் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடுக்கிறது.

*

இவையனைத்தும் வணிகர்களுக்கிடையேயான கணக்குச் சண்டை, இலக்கிய வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு சொல்லைக் கொண்டு விடையிறுக்க விரும்புகிறோம். செயலி விளம்பரத்தில் வாடிக்கையாளரின் தரத்தைக் குறிக்க வாழ்நாள் மதிப்பு என்று ஒரு கணக்கு உண்டு. ஒருவர் செயலியை நீக்கும்வரை எவ்வளவு பணம் தருவார் என்ற ஊகமே அது. எந்த விளம்பரம் உயர்ந்த வாழ்நாள் மதிப்புடையவரைக் கொண்டுவருகிறதோ, அவ்விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் செல்லும். மென்பொருள் அவரைப் போன்ற பிறரைத் தேடிப் பிடிக்கும்.

கொலுசுக் கடைக்கு இக்கணக்கால் கேடில்லை. இணையவழிச் சூதாட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அங்கே உயர்ந்த வாழ்நாள் மதிப்புடையவர் யார்? மிகுதியாகத் தோற்பவர், தோற்றும் விலகாதவர். அளவுகோல் பிழையின்றி வேலை செய்யும்போதுதான் அது மிகவும் நொந்த மனிதரை மிகச் சிறந்த வாடிக்கையாளர் என்று சுட்டுகிறது. தமிழ்நாட்டில் இணைய ரம்மியால் கடனாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தொடர்ந்து 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய பின் 2023 ஏப்ரலில் தடைச்சட்டம் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. வாழ்நாள் என்ற சொல் ஒரு கணக்கேட்டில் எப்பொருளில் வழங்குகிறது, ஒரு குடும்பத்தில் எப்பொருளில் வழங்குகிறது என்ற இடைவெளியில்தான் இந்த மரணங்கள் நிகழ்ந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது.

எனவே அளவீட்டையே கைவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. சிறு வணிகர் தம் பணம் எங்கே போகிறது என்று அறிய உரிமையுடையவர். ஆளைப் பின்தொடராமலே அறியும் வழியும் உண்டு. ஈபே சோதனையின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் அதையே செய்தார்கள். சில வட்டாரங்களில் விளம்பரத்தை நிறுத்தி, மற்றவற்றில் தொடர்ந்து, இரண்டிலும் விற்பனையை ஒப்பிட்டார்கள். நம் கொலுசு வணிகரும் நான்கு வாரம் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, ஓமலூர், மேச்சேரிப் பக்கம் தொடரலாம். ஆடிப்பெருக்கு போன்ற நாட்களைத் தவிர்க்க வேண்டும். சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் கலந்திருக்கும் என்பதால் ஊர்களை மாற்றிவைத்து இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும். விற்பனைச் சீட்டுகளைக் கூட்டத் தெரிந்தால் போதும். விளம்பரம் விற்பவரின் கணக்கை நம்பவும் வேண்டாம், யாருடைய கைபேசிக்குள்ளும் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். கூட்டிய தொகை சரியா என்று கடையில் வேலை செய்யும் எவரும் மீண்டும் கூட்டிப் பார்க்கலாம்.